லேகியம் என்று நான் சொன்ன பொய்

பாப்பா,

மூன்று நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் நான் கத்துவேன், நீ கட் பண்ணுவாய், அதுதான் நடக்கும். அதனால்தான் அளவு எழுதும் நோட்டின் நடுப்பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டு, தையல் மிஷின் மேலேயே எழுதுகிறேன். முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். போனைத்தான் எடுக்க மாட்டாயே தவிர, வாட்ஸ்அப்பைப் பார்க்காமல் உன்னால் இருக்க முடியாது. படித்துவிட்டு உன் அறைத்தோழிக்கும் காட்டு. ஹாஸ்டலே படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட்டு வெட்கப்பட்டுத்தான் இன்றைக்கு இங்கே வந்து நிற்கிறோம். கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. ஊரில் எல்லாரும் என்னைப் பார்த்து, மகள் போகப்போகிற வருத்தம் முகத்தில் தெரிகிறது என்கிறார்கள். வருத்தமெல்லாம் இல்லை. பயம். சோற்றில் கை வைத்தால் இறங்க மாட்டேன் என்கிறது, அப்படி ஒரு பயம்.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். முகூர்த்தப் புடவைக்குள் கட்டும் பாவாடையில் இடுப்போரம் ஒரு ரகசியப் பை வைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். மணமேடையில் ஓமப்புகை முட்டினால், உடை மாற்றப் போகிற சாக்கில் உள்ளே போய் நீல ஆஸ்துமா பம்ப்பை எடுத்து இழுத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது என்பது நான் போட்ட திட்டம். இருபத்தைந்து வருஷமாகத் தைக்கிறேன். எத்தனையோ கல்யாணப் பெண்களுக்குக் குறையை மறைத்து, நிறையைக் காட்டித் தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மூச்சை ஒளித்துவைக்கப் பை தைத்தது இதுதான் முதல் தடவை. அந்தப் பையை நினைத்து எனக்குப் பெருமை வேறு. அளவு பார்க்க பம்ப்பைக் கேட்டேன். நீ தலைக்குக் குளிக்கப் போகிற அவசரத்தில், "ஹேண்ட்பேக்ல கெடக்கு, எடுத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

பையில் இரண்டும் கிடந்தன. அவசரத்துக்கு வைத்திருக்கும் நீல பம்ப், தினமும் இரண்டு வேளை இழுக்க வேண்டிய இன்னொன்று. அந்த இரண்டாவதை, நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் நான்தான் சின்னமனூரில் புதிதாக வாங்கித் தந்தேன். அதன் முதுகில் இன்னும் எத்தனை தடவை இழுக்க மருந்து பாக்கி என்று காட்டும் எண் இருக்கிறதல்லவா, அன்றைக்கு அது நூற்றிருபது. இரண்டு மாதம் ஓடிவிட்டது. காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இழுத்திருந்தால் இந்நேரம் தீர்ந்துபோயிருக்க வேண்டும். நூற்றுப் பதினான்கு என்று காட்டியது. நூல் கோக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். நூற்றுப் பதினான்குதான். மூன்றே நாள் இழுத்திருக்கிறாய்.

நீ துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தாய். கேட்டேன். கொஞ்சமாவது தடுமாறுவாய் என்று நினைத்தேன். நீ சிரித்தாய். "நீதானம்மா மாப்பிள்ள வீட்ல சொன்ன, எம் பொண்ணு லேகியம் மட்டுந்தேன் சாப்பிடுறான்னு? நீ சொன்ன பொய்ய நான் நெசமாக்கிட்டேன். ரெண்டு மாசமா லேகியம் மட்டுந்தேன். ஒரு தடவகூட இழுப்பு வரல, பாரு" என்றாய். நீ விடவில்லை. "அங்கன போயி தெனமும் ரெண்டு வேள பாத்ரூம்ல ஒளிஞ்சு நின்னு அடிக்கச் சொல்றியா? அதுக்கு இப்பவே விட்டுப் பழகிக்கிறேன்" என்றாய். பிறகு நான் கத்தினேன், நீ அழுதாய், மத்தியானச் சாப்பாடு கூடச் சாப்பிடாமல் பஸ் ஏறினாய். இரண்டு பம்ப்பையும் உன் பையில் திணித்தேன், அது ஒன்றுதான் அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த காரியம்.

பொய் சொன்னது நான். அதை உடம்பில் ஏற்றிக்கொண்டு அலைவது நீ. இது எங்கேயிருந்து ஆரம்பித்தது என்று நான் யோசித்துப் பார்த்துவிட்டேன். உனக்கு ஆறு வயது. வீட்டுக்குப் பின்னால் உன் அப்பாவின் வயலில் அறுவடை மிஷின் இறங்கிய நாள். தூசிக்குள் ஓடி விளையாடிவிட்டு வந்தவள் படுத்துவிட்டாய். நெஞ்சுக்குள் கீச் கீச் என்று சத்தம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவள், தைக்க வந்த பொம்பளைகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஏழரைச் சனி என்று முடிவுகட்டினேன். சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குத் தூக்கிப் போனேன். எள்ளு விளக்குப் போட்டால் இழுப்பு போய்விடும் என்று நேர்ந்துகொண்டு, ஜனக்கூட்டத்தில் எண்ணெய்ப் புகைக்கு நடுவே, உன் கையாலேயே விளக்கேற்ற வைத்தேன். மூச்சு முட்டுகிற பிள்ளையைப் புகைக்குள் நிறுத்தினேன், பாப்பா. கோயிலைச் சொல்லிக் குற்றமில்லை, புத்தி எனக்குத்தான் இல்லை. பக்கத்தில் நின்ற ஒருவர்தான் பார்த்துவிட்டு, "ஏத்தா, பிள்ள ஒதட்டப் பாரு, நீலம் பாரிச்சுப்போச்சு, தூக்கிட்டு ஓடு!" என்று கத்தினார்.

ஆட்டோவில் என் மடியில் நீ கிடந்தாய். கழுத்துக் குழி உள்ளே போய் உள்ளே போய் வந்தது. அதை நான் இன்னும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை பிடித்த பிறகுதான் உதட்டில் நிறம் வந்தது. தினமும் இழுக்க பம்ப் எழுதிக்கொடுத்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்து, "புகைக்குள்ள எங்கயும் கூட்டிட்டுப் போனீங்களாம்மா?" என்று கேட்டார். "இல்ல சார், தள்ளித்தேன் நின்னோம்" என்றேன். உன் மூச்சு விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது. என்னைத் திட்டுவாரே என்ற பயத்தில் சொன்னது. யோசித்துப் பார், பிள்ளை பிழைக்குமா என்று தெரியாத நேரத்திலும் என் பேர் கெட்டுப்போகக்கூடாது என்றுதான் நினைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் கம்பத்தில் இருந்த அந்த ஆயுர்வேத டாக்டரம்மாவிடம் போனோம். உனக்கு அவரை நன்றாக நினைவிருக்கும், குமுளிக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துக்காரர், "மோளே, இங்கே இரி" என்று உன்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டுதான் நாடி பார்ப்பார். நான் போனதும் போகாததுமாக, "மருந்து குடுங்கம்மா" என்று நின்றேன். "மருந்து பின்னே. காரணம் முதல்ல சொல்லு" என்றார். அரை மணி நேரம் கேள்வி. எப்போது இழுக்கிறது, மழைக்கா பனிக்கா, வீட்டில் என்ன அடுப்பு, தையல் துணித்தூசி எங்கே பறக்கிறது, கொசுவத்தி உண்டா, ராத்திரி என்ன சாப்பிடுகிறாள் என்று குடைந்து எடுத்தார். காரணத்தை விலக்குவதுதான் ஆயுர்வேதத்தில் முதல் வைத்தியம், அதைச் செய்யாமல் எத்தனை கஷாயம் குடித்தாலும் வீண் என்றார். தையல் மிஷின் உன் படுக்கையறையிலிருந்து முன்கூடத்துக்கு வந்தது அன்றைக்குத்தான். ராத்திரியில் தயிரும் வாழைப்பழமும் நின்றன. வாழைத் தோப்புக்காரன் மகளுக்கு வாழைப்பழம் கூடாதா என்று உன் அப்பா அவரோடு சண்டைக்குப் போனதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

நல்லெண்ணெயில் இந்துப்பைப் போட்டு வெதுவெதுப்பாக்கி நெஞ்சிலும் முதுகிலும் தடவுவேன். தடவி, துணி முடிச்சால் ஒத்தடம் கொடுப்பேன். காலையில் கஷாயம், தாளிசாதிச் சூரணம் தேனில், ராத்திரி கண்டங்கத்திரி லேகியம். முகத்தைச் சுளித்துக்கொண்டு விரலை நக்குவாய். உண்மையைச் சொல்ல வேண்டும், அது உனக்கு நன்றாகவே கேட்டது. சளி இளகியது, பசி எடுத்தது, பனிக்காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுவது குறைந்தது. நான் ஆயுர்வேதத்தைக் குறை சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. ஆனால் அந்த டாக்டரம்மா சொன்னதில் பாதியைத்தான் நான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். மீதியை இன்றைக்குச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நீ நன்றாக ஓடியாடத் தொடங்கியதும் ஒருநாள் அவரிடம், "இனிமே பம்ப்ப நிறுத்திரலாமாம்மா?" என்று கேட்டேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நிறுத்தக்கூடாது. என் மருந்து பம்ப்புக்குப் பதில் இல்ல, அதுகூடச் சேர்ந்து நடக்கறது. குறைக்கணும்னா நெஞ்சு டாக்டர் ஊதச் சொல்லி அளந்து பாத்துக் குறைக்கட்டும். நீயும் நானும் குறைக்கக்கூடாது" என்றார். இழுப்பு வராத நாளிலும் மூச்சுக்குழாய்க்குள் வீக்கம் இருக்கும், வெளியே தெரியாது, அதை அமர்த்தி வைப்பதுதான் தினசரி பம்ப் என்று நெஞ்சு டாக்டரும் விளக்கிச் சொன்னார். ரெண்டு மாதமாக ஒன்றும் வரவில்லை என்று நீ சொல்கிறாயே, அதுதான் எனக்குப் பெரிய பயம். இன்னொன்றும் அந்த அம்மா சொன்னார். இருமல் வந்தால் இருமட்டும், ஓடி வந்து மூச்சு வாங்கினால் வாங்கட்டும், உடம்பு தானாகச் செய்வதை அடக்கக்கூடாது, அடக்கினால் அதுவே நோயாகத் திரும்பும் என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வந்து, உனக்கு அடக்கத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

போன வருஷம் ஒரு இடம் வந்ததல்லவா, உத்தமபாளையத்திலிருந்து. அவர்கள் முன்னாலேயே நீ நீல பம்ப்பை எடுத்து அடித்தாய். மறுநாள் ஜாதகம் சேரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். உனக்கு அது ஒன்றுமே இல்லை. எனக்குத்தான் தெருவில் நடக்க முடியவில்லை. எல்லாரும் பம்ப்பைப் பற்றியே பேசுவதாகத் தோன்றியது. நம் பக்கத்தில் ஒரு பெண் லேகியம் சாப்பிட்டால் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாள் என்பார்கள், பம்ப் அடித்தால் நோயாளி என்பார்கள். சரி, அவர்களுக்குப் பிடித்ததையே காட்டுவோம் என்று முடிவு செய்தேன். அடுத்த இடம் வந்தபோது பம்ப் பெட்டிகளைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன், லேகிய டப்பாவை அடுப்படி ஷெல்பில் முன்னால் எடுத்து வைத்தேன். கடைக்காரன் பொம்மைக்குப் புடவை கட்டி வைப்பது மாதிரி வைத்தேன்.

வடுகபட்டியிலிருந்து உன் மாமியார் வந்தார்கள், பார்த்தார்கள், சரியாக அதைத்தான் கேட்டார்கள். "என்ன மதினி, லேகியமெல்லாம் வச்சிருக்கீக, யாருக்கு?" என்றார்கள். "பாப்பாவுக்குத்தேன். கோயம்புத்தூர் தண்ணி ஒத்துக்கல, சும்மா தெம்புக்கு" என்றேன். அவர்கள் அதோடு விட்டிருந்தால் நானும் தப்பித்திருப்பேன். "மூச்சு கீச்சுன்னு ஒண்ணுமில்லையே? எங்க வீட்டுக்குக் கீழதேன் பூண்டுக் குடோனு. நாளெல்லாம் தொலியும் தூசியுமாப் பறக்கும். அதேன் கேக்குறேன், மனசுல ஒண்ணும் வச்சுக்கிறாதீக" என்றார்கள். எவ்வளவு மரியாதையாகக் கேட்டார்கள் பார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மதினி, லேகியம் மட்டுந்தேன்" என்றேன். நீ காப்பித் தட்டோடு நின்றாய். உனக்குத் தொண்டையில் இருமல் வந்து நின்றது, உன் கண்ணில் தண்ணீர் கோத்ததை நான் பார்த்தேன். கண்ணைக் காட்டினேன். நீ விழுங்கிக்கொண்டாய். நல்ல பிள்ளை என்று அன்றைக்கு மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். என் கையாலேயே என் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் நீ போனை எடுத்தாயே, அதுதான் கடைசி. "சாப்ட்டியா" என்று கேட்டேன். "சாப்... சாப்ட்டேம்மா" என்றாய். "என்னடி மூச்சு வாங்குது?" என்றேன். "படி... ஏறுனேன்" என்றாய். பாப்பா, உன் அறை தரைத்தளத்தில் இருக்கிறது. நான்தானே உனக்குப் படி கூடாது என்று வார்டனிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாலு வார்த்தைக்கு நடுவே இரண்டு இடத்தில் நிறுத்தினாய். பிறந்ததிலிருந்து உன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறவளிடம் படி ஏறினேன் என்கிறாய். அந்தப் பொய்யையும் என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாய். நான் கத்தினேன், நீ கட் பண்ணினாய். நேற்று உன் தோழிக்குப் போட்டேன். "நைட்டெல்லாம் இருமறா ஆன்ட்டி, தலகாணிய வாயில வச்சு அமுக்கிக்கறா" என்றாள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு தையலும் ஓடவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவருக்கும் பயம்தான், ஆனால் அவர் பயம் மண்டபத்தைப் பற்றியது. "கல்யாணம் முடியட்டும். பெறகு பக்குவமாச் சொல்லிக்கலாம். இப்பப் போயி எதையாச்சும் கெளப்பி விட்டுறாத" என்றார். இரண்டு மாதமாக நானும் இதைத்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வாயால் கேட்டபோதுதான் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது. இன்றைக்குக் காலையில் அவர் தோப்புக்குப் போனதும் பஸ் ஏறிவிட்டேன். தேனியில் இறங்கி மாறி, பெரியகுளம் பஸ்ஸில் போய், வடுகபட்டியில் உன் மாமியார் வீட்டு வாசலில் நின்றேன். உன்னைக் கேட்காமல்தான் போனேன். கோபப்படு.

கீழே குடோனில் பொம்பளைகள் பூண்டைப் புடைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் தொலி ஆள் உயரத்துக்குப் பறந்தது. எனக்கு ஒரு நோவும் இல்லை, எனக்கே நாலு படி ஏறுவதற்குள் தொண்டை கரகரத்தது. மாடியில் உனக்கென்று வெள்ளையடித்து வைத்திருக்கும் அறையைக் காட்டினார்கள். அதன் ஜன்னல் குடோன் முற்றத்துக்கு நேர் மேலே திறக்கிறது. அங்கே நின்றுகொண்டேதான் சொன்னேன். ஆறு வயதிலிருந்து இழுப்பு, தினமும் பம்ப், இப்போது அதையும் நிறுத்திவிட்டாள், லேகியம் மட்டும்தான் என்று நான் சொன்னது பொய் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர்கள் கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு, "நாந்தேன் அன்னைக்கே வாய் தெறந்து கேட்டேனே மதினி" என்றார்கள். அப்புறம்தான் அவர்களுக்குக் கோபம் வந்தது. "அந்தப் பிள்ள இங்கன வந்து, ஒருநா மூச்சு முட்டி விழுந்திருந்தா நாங்க என்னத்தக் கண்டோம்? லேகியம் சாப்பிடுற பிள்ளைன்னு, சூடத்தத் தேச்சுவிட்டு விசிறிக்கிட்டு உக்காந்திருப்போம். எங்க கையிலயே போயிருக்கும். பம்ப்புன்னு ஒண்ணு இருக்குறதே எங்களுக்குத் தெரியாதே" என்றார்கள். "எங்கள அந்தப் பாவத்துல தள்ளப் பாத்தீகளே" என்றார்கள். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வாசல் வரைக்கும் வந்தார்கள். "எம் மகன்ட்டப் பேசிட்டுச் சொல்றேன்" என்றார்கள். அவ்வளவுதான். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இப்போது விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது, போன் வரவில்லை.

இந்தக் கல்யாணம் நிற்கலாம், பாப்பா. நின்றால் ஊர் என்னைத்தான் பேசும், பேசட்டும். நீயும் அந்தப் பையனும் எவ்வளவு ஆசையாக இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா? மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனால் நீ மணமேடையில் உட்கார்ந்து இருமலை விழுங்குவதையும், அந்த வெள்ளையடித்த அறையில் தலையணைக்குள் மூச்சு வாங்குவதையும் நினைத்துப் பார்த்துவிட்டேன். இனி எந்த வீட்டுக்குப் போனாலும், பெட்டியிலிருந்து முதலில் எடுத்து எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைக்க வேண்டியது அந்த இரண்டு பம்ப்பைத்தான். லேகியமும் சாப்பிடு, நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஜன்னலுக்கு வெளியே தூசி பறக்கிற அறை என்றால் வேறு அறை வேண்டும் என்று கேள், கொடுக்காத வீட்டில் இருக்காதே. இருமல் வந்தால் சபையிலேயே இருமு. யார் கண்ணைக் காட்டினாலும், நானே காட்டினாலும், அடக்காதே.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் வருகிறேன், நெஞ்சு டாக்டரிடம் டோக்கன் சொல்லிவைத்துவிட்டேன். ஆனால் நான் வரும் வரைக்கும் காத்திருக்காதே. இதைப் படித்துக்கொண்டிருக்கிற இந்த நிமிஷமே எழுந்து போய் பையைத் திற. முதலில் நீல பம்ப்பை இழு, அதற்கும் அடங்கவில்லை என்றால் யோசிக்காமல் தோழியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. அடங்கினால் எனக்குப் போன் போடு. என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாய் என்று சொல்லு, என்னைக் கேட்காமல் வடுகபட்டிக்கு ஏன் போனாய் என்று கேள், வாய்க்கு வந்தபடியெல்லாம் திட்டு. நடுவில் எங்கேயும் நிறுத்தாமல் திட்டு. எவ்வளவு நேரமானாலும் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மா